கூரையில் கட்டிங் வீல் வைப்பதற்கு முன்: கார்-பிக்கப் கட்டுகிறவர்களின் தவறுகள்

போன ஆடியில் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் பட்டறைக்கு வந்தார்கள். மினி லாரி மேல் ஒரு பழைய கார். காரைப் பிக்கப்பாக மாற்ற வெட்டியிருந்தார்கள். பின்சீட்டுக்கு மேலே கூரை இல்லை, டிக்கி மூடி இல்லை. "அண்ணே, வெட்டுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப டிரைவர் பக்கக் கதவு சாத்த மாட்டேங்குது" என்றான் பெரியவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன் இதையே சொல்லிக்கொண்டு நானும் நின்றவன்.

முன்னால் சீறிப் பாயும் கார், பின்னால் மூட்டை ஏற்றும் தொட்டி. ஆசை பழையதுதான். ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் ஃபோர்டுக்காக லூ பான்ட் வரைந்த வண்டி 1934-லேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றி ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி கேட்டதாகக் கதை. அமெரிக்காவில் 1957-ல் ஃபோர்டின் ராஞ்செரோ, 1959-ல் செவர்லேயின் எல் கமினோ. நம் பையன்கள் எல் கமினோவின் படத்தைத்தான் பார்க்கிறார்கள், அடியில் குனிந்து பார்ப்பதில்லை. அந்த வண்டிக்குக் கீழே தனி சேஸி, அதாவது எடை தாங்கும் அடிச்சட்டம், இருந்தது.

கூரையை வெறும் மூடி என்று நினைப்பது

என் காசைத் தின்றது இதுதான். இன்றும் நினைத்தால் எரிகிறது.

நான் எடுத்தது இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டெஸா கார். நீள மூக்கு, பின்சக்கர இழுவை, பார்த்தாலே மிடுக்கு. ஆனால் அதற்குத் தனி சேஸி கிடையாது. தரை, தூண், கூரை, பின்சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகடு எல்லாம் சேர்ந்துதான் சேஸி. 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டி எடுத்திருக்கிறீர்களா? அதுவரை ஏறி நின்றாலும் தாங்கிய டின், வெட்டிய பிறகு இரண்டு கையால் முறுக்கினாலே கோணும். காரும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு மதியம், மூன்று மணி நேரத்தில் வெட்டி முடித்தேன். பின் வலது மூலையில் ஜாக்கி போட்டு ஏற்றினேன். சக்கரம் எழும்புவதற்கு முன்னால் பாடி எழும்பியது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே சீராக இருந்த சந்து மேலே மூடிக்கொண்டு கீழே விரிந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு ஓடி நடுவில் நின்றது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ கதவின் ஓரத்தைத் தேய்த்துச் சாத்த வைத்தேன், பட்டி பூசி மறைத்தேன். குறுவை அறுப்பில் பத்து மூட்டை, 400 கிலோ ஏற்றிப் பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஓட்டினேன். ஒரு வேகத்தடையில் கதவு தானாகத் திறந்துகொண்டது. அப்புறம் பிரித்துச் சரிசெய்த கூலி, வண்டி வாங்கிய விலையைத் தாண்டியது.

செய்ய வேண்டியது தலைகீழ். முதலில் வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, கதவு வாசல்களில் உள்பக்கமாகக் குறுக்குக் குழாய்களை முக்கோணமாக வெல்டிங் வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவைச் சுவரில் எழுதுங்கள். கதவடிச் சட்டத்தைப் பெட்டிக் குழாயால் பலப்படுத்துங்கள். சீட்டுக்குப் பின்னால் முழு அகலத்துக்கும் தகட்டுச் சுவர் எழுப்புங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கூரையில் கை. நடுநடுவே கதவைச் சாத்திப் பாருங்கள். கொஞ்சம் உரசினாலும் கட்டிங் வீலை அணையுங்கள்.

சுமை எங்கே உட்காருகிறது என்று பார்க்காதது

"அஞ்சு பேர் உட்கார்ந்து போற வண்டிதானே, 400 கிலோ தாங்காதா?" தாங்கும். ஆனால் ஆட்கள் உட்காருவது இரண்டு அச்சுக்கும் நடுவில். மூட்டை உட்காருவது பின் அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும். மூக்கு தூக்கும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் தென்னங்குருத்தைப் பார்க்கும். சரி என்று பின் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டால், காலி வண்டி வளைவில் துள்ளிப் பின்பக்கம் வழுக்கும். இந்த இரட்டைக் குணத்தில் இரண்டுக்கும் முழு நியாயம் செய்ய முடியாது. மூட்டையா, வேகமா என்று ஒன்றுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய இன்ஜின்

முதலில் அதை நிறுத்தும் பிரேக், அப்புறம் இன்ஜின்.

உயரத்தைக் குறைப்பது

மதகு ஏறி இறங்கும் ஊரில் வேண்டாம், வண்டியின் அடி தட்டும்.

ஆர்.சி. புத்தகத்தை மறப்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதையே காட்டிக் கையை விரிப்பார். நான் பாபநாசம் ரோட்டில் ஓட்டிய நாளில் இதையெல்லாம் யோசிக்கவேயில்லை. இப்போது என் கான்டெஸா தோப்புக்குள் தேங்காய் ஏற்றுவதோடு சரி.

ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் சேஸி உள்ள பிக்கப்பை வாங்கி, அதன் இருக்கையையும் டயரையும் சட்டம் விடும் அளவுக்கு மெருகேற்றுங்கள். 1991-ல் வந்த டாடா சியராவே பிக்கப் சேஸி மேல் உட்கார்ந்த வண்டிதான். நீடாமங்கலத்துப் பையன்களிடமும் இதைத்தான் சொன்னேன். சின்னவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

தொட்டியில் வடிகால் இல்லாமல் விடுவது

நாலு மூலையிலும் ஓட்டை போடுங்கள். வைக்கோல் தூசி அடைக்காத அளவுக்குப் பெரிதாக. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வெளியே நின்றாலே தொட்டியில் தவளை கத்தும்.