அண்டார்டிகாவிலிருந்து காசு கொடுக்காமல் கொண்டுவரக்கூடியவை: ஒரு செய்முறை

அண்டார்டிகாக் கப்பல் பயணம் முடிந்து கொழிஞ்சாம்பாறை திரும்பியபோது, ஒரு கூழாங்கல்லாவது கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அத்தை கேட்டார். கல், இறகு, எலும்பு எதையும் எடுக்கப் பயணிகளுக்கான விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் மூன்று பொருட்களை நாமே அனுபவித்து இலவசமாகப் பெறலாம்.

முதலாவது, கடலில் குதித்ததற்கான சான்றிதழ். இடுப்பில் கயிறு கட்டி, ஏறக்குறைய உறைநிலையில் இருக்கும் நீரில் குதிப்பவர்களுக்குப் பல கப்பல்களில் இதைத் தருகிறார்கள். எந்தப் பெயரை அச்சிட வேண்டும் என்று முந்தைய நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருந்ததால், என் சான்றிதழின்படி குதித்தவர் என் அப்பா.

இரண்டாவது, போர்ட் லாக்ராயின் முத்திரை. 1944இல் பிரிட்டன் அமைத்த அந்தத் தளம் இப்போது அருங்காட்சியகமாகவும் அஞ்சலகமாகவும் இயங்குகிறது. முத்திரையைக் கடவுச்சீட்டில் குத்திக்கொள்ளாமல், தடித்த தாள் கொண்ட சிறு குறிப்பேட்டில் வாங்குங்கள்.

மூன்றாவதுதான் என்னைத் திணறடித்தது: பனிக்கட்டியின் ஒலி. பனிப்பாறைத் துண்டுகள் உருகும்போது, நெடுங்காலமாக அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் வெடித்துப் படபடவென்று ஒலிக்கும். ரப்பர் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு, வழிகாட்டி அனைவரையும் பேசாமல் இருக்கச் சொல்லும் சில நிமிடங்களே நமக்குக் கிடைக்கும். நான் ஆறு நிமிடம் பதிவுசெய்தேன். வீட்டில் கேட்டபோது யாரோ இருமியது மட்டும் தெளிவாக இருந்தது. கைபேசியின் இரைச்சல் நீக்கும் வசதி, மனிதக் குரல் அல்லாத அனைத்தையும் இரைச்சலாகக் கருதி அழித்திருந்தது.

ஆகவே புறப்படும் முன்பே அந்த வசதியை அணைத்துவிட்டு, சமையலறையில் சோதித்துப் பாருங்கள். எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது கைபேசியை நான்கடி தள்ளி வைத்து, யாரும் பேசாமல் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகக் கேட்டால் அமைப்பு சரி. மங்கலாகக் கேட்டால் வேறு செயலியைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், ஒலியைச் சுருக்காமல் வேவ் (WAV) என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும் எளிய செயலியே போதும். விலையுயர்ந்த மைக் தேவையில்லை. காற்றொலியைத் தடுக்க மைக் இருக்கும் முனையில் கம்பளிக் காலுறையைச் செருகுங்கள். எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சோதித்தபோதே அது நன்றாக உதவியது. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடுவதால், பதிவு தொடங்கும் வரை கைபேசியை உட்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போய்வந்த ஒருவர், தம் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது ஒலி மங்கிவிட்டதாக எழுதியிருந்தார். அனுப்பும்போது ஆடியோவாக அல்லாமல் டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.