வியாபாரப் பத்திரங்களுக்கு கிளவுட் போதுமா, ஆவண மென்பொருள் வேண்டுமா: படிப்படியாகத் தெரிவு செய்யும் முறை

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் பைல்கள்தான் முதலில் நனைகின்றன. 2004 சுனாமியில் கரையோரத்தில் காணி உறுதியும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தே போன வீடுகள், கடைகள் ஏராளம். எனவே பத்திரங்களின் பிரதி கணினியிலும் இருக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. எதில் வைப்பது என்பதில்தான் குழப்பம். கூகுள் டிரைவ், வன்டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்ற கிளவுட் சேமிப்பகங்கள், அதாவது பைல்களை இணையத்தில் வைக்கும் இடங்கள், ஒரு வகை. பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ், எம்-பைல்ஸ், டொக்குவெயார் போன்ற ஆவண முகாமைத்துவ மென்பொருள்கள், அதாவது பத்திரங்களை வகைப்படுத்தித் தேடித் தருபவை, இன்னொரு வகை. விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் பிழையான முடிவுக்கே வருவீர்கள். உங்கள் பத்திரத்துக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்து ஒப்பிடுங்கள்.

சம்மாந்துறையில் ஐந்து பேர் வேலை செய்யும் அரிசி ஆலை ஒன்றை உதாரணமாக எடுப்போம்.

படி 1: பத்திரங்களை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு கிழமைக்கு வரும் எல்லாக் கடதாசிகளையும் ஒரே பெட்டியில் போடச் சொல்லுங்கள். பிறகு அவற்றை இரண்டு அடுக்காக்குங்கள். முதலாவது, இன்னும் மாறிக்கொண்டிருப்பவை: இருப்புக் கணக்கு எக்செல், விலைக்கோரல் கடிதம், சம்பளப் பட்டியல். இரண்டாவது, வேலை முடிந்தவை: நெல் கொள்வனவுச் சீட்டு, லொறி வாடகைப் பற்றுச்சீட்டு, வங்கியில் போட்ட காசோலையின் பிரதி, ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம். இவற்றை இனி யாரும் திருத்தப்போவதில்லை. தேடி எடுக்க மட்டுமே வேண்டும்.

முதல் அடுக்குப் பெரிதென்றால் உங்களுக்கு வேண்டியது கிளவுட் சேமிப்பகம். இரண்டாவது பெரிதாக இருந்து, “போன போகத்தில் இன்னாருக்குக் கொடுத்த சீட்டு எங்கே?” என்று தினமும் தேடுகிறீர்கள் என்றால் ஆவண மென்பொருள்.

படி 2: அளவைக் கணக்கிடுங்கள்

300 டிபிஐயில் (ஸ்கானின் நுணுக்க அளவு) சாம்பல் நிறமாக ஸ்கான் செய்த ஒரு ஏ4 பக்கத்துக்கு அரை எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 50 பக்கம், மாதம் 25 நாள் என்றால் மாதம் 1,250 பக்கம். வருடத்துக்கு ஏறத்தாழ 7.5 ஜிபி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி (ஜிமெயிலும் போட்டோக்களும் அதற்குள்ளேதான்), வன்டிரைவ் 5, டிரொப்பொக்ஸ் 2. சிறிய ஆலைக்கு இடம் பெரிய பிரச்சினை இல்லை என்பது இதிலேயே தெரியும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

படி 3: கிளவுட் என்றால், கணக்கு யாருடைய பெயரில்?

கிளார்க்கின் சொந்த ஜிமெயிலில் போல்டர் திறந்து மற்றவர்களுக்குப் பகிர்வதுதான் இங்கே வழக்கம். அவர் வெளிநாடு போனால், அல்லது கடவுச்சொல்லை மறந்தால், ஆலையின் பத்திரம் முழுவதும் அவர் கணக்கோடு பூட்டப்படும். சாதாரண ‘மை டிரைவ்’ பகுதியில் பைலைப் போட்டவரே அதன் உரிமையாளர். நிறுவனங்களுக்கான கட்டணச் சேவையான கூகுள் வேர்க்ஸ்பேஸின் பிசினஸ் ஸ்டாண்டர்ட் திட்டத்தில் வரும் ‘ஷெயார்ட் டிரைவ்’ பகுதியில் உரிமை நிறுவனத்துக்குப் போகிறது. மைக்ரோசொப்ட் 365 பிசினஸ் பேசிக் திட்டத்தில் ஷெயார்பொயின்ட் என்ற பொதுச் சேமிப்பிடம் அதே வேலையைச் செய்யும். இந்த ஒரு காரணத்துக்காகவே காசு கொடுத்து வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

போல்டர்களை மூன்று மட்டத்துக்கு மேல் ஆழமாக்க வேண்டாம். பைல் பெயரில் திகதியை முன்னால் போடுங்கள்: 2025-03-14_கொள்வனவு_0457. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால்தான் அகரவரிசையும் திகதி வரிசையும் ஒன்றாக வரும். பில் இலக்கத்தில் இருக்கும் சாய்கோட்டை (/) அப்படியே பெயரில் எழுதாதீர்கள். விண்டோஸும் வன்டிரைவும் அதை ஏற்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கியல் மென்பொருளின் தரவு போல்டரைச் சிங்க் ஆகும் (கிளவுட்டோடு தானாகவே ஒத்துப்போகும்) போல்டருக்குள் வைக்கக்கூடாது. மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி எழுதிய பைல் மேலே போகும். இரண்டு கணினியில் திறந்தால் தரவே பழுதாகும். அந்த மென்பொருள் எடுத்துத் தரும் பெக்கப் (காப்புப் பிரதி) பைலை மட்டும் கிளவுட்டில் போடுங்கள்.

அடையாள அட்டைப் பிரதி, விவசாயிகளின் வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவற்றுக்குத் தனிப் போல்டரும் தனி அனுமதியும் கொடுங்கள். இவை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தகவல்கள். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பில் இவற்றை ஒருபோதும் வைக்காதீர்கள்.

படி 4: ஆவண மென்பொருள் என்றால், தமிழில் தேடிப் பாருங்கள்

கட்டணமின்றித் தொடங்குவதற்கு பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் நல்லது. 8 ஜிபி ரேம் உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றில் டொக்கர் (மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பொதியாக இயக்கும் கருவி) வழியாக நிறுவலாம். ஸ்கானர் ஒரு குறிப்பிட்ட போல்டரில் பைலைப் போட்டால், மென்பொருள் அதை எடுத்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அறியும் முறை) மூலம் எழுத்தை வாசித்துத் திகதியைக் கண்டுபிடிக்கும்; முதலில் சில பத்திரங்களுக்கு நீங்கள் குறித்துக் காட்டினால், யார் அனுப்பியது, என்ன வகை என்றும் அடுக்கிவிடும். மூலப் பைலும் கெடாமல் இருக்கும்.

தமிழ் மொழிப் பொதி தானாக வராது. நிறுவும்போதே தமிழையும் சேர்த்து, ஓசிஆர் மொழியை ஆங்கிலமும் தமிழும் என்று மாற்றுங்கள். அரச கடிதங்கள் அதிகம் வந்தால் சிங்களத்தையும் சேர்க்கலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். ஏற்கெனவே எழுத்து இருப்பதால் மென்பொருள் ஓசிஆர் செய்யாமல் விட்டுவிடும். பிறகு ‘காசோலை’ என்று யுனிகோட்டில் (இன்று கணினிகளும் தொலைபேசிகளும் பயன்படுத்தும் எழுத்து முறை) தேடினால் ஒன்றும் வராது. அத்தகைய பைல்களுக்கு ஓசிஆர் முறையை ‘போர்ஸ்’ என்று மாற்றினால், பக்கத்தைப் படமாக்கிப் புதிதாக வாசிக்கும். எல்லாப் பைல்களுக்கும் இதைப் போட்டால் வேலை மந்தமாகும், பைலும் பெரிதாகும்.

கையெழுத்தை இந்த ஓசிஆர் வாசிக்காது. கொள்வனவுச் சீட்டு கையால் எழுதப்படுகிறது என்றால், ஸ்கான் செய்பவர் விவசாயியின் பெயரையும் சீட்டு இலக்கத்தையும் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். இதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல் மென்பொருள் வாங்குவது வீண். கார்பன் பிரதியின் மூன்றாவது தாள் மங்கலாக இருக்கும், அதனால் முதல் தாளையே ஸ்கான் செய்யுங்கள். எரிபொருள் நிலையத்திலும் வங்கி இயந்திரத்திலும் தரும் வெப்பக் கடதாசிப் பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும். வந்த அன்றே ஸ்கான் செய்ய வேண்டும்.

எம்-பைல்ஸ், டொக்குவெயார் போன்றவை அங்கீகாரப் படிமுறை வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு. காசோலை எழுதுமுன் மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டிய இடமென்றால் பாருங்கள். ஐந்து பேர் ஆலைக்குத் தேவையில்லை.

படி 5: இணைய வேகமும் பிரதியும்

இணையத்துக்குப் பைலை ஏற்றும் வேகத்தைப் பரிசோதியுங்கள். பதிவிறக்கும் வேகம் இங்கே உதவாது. 50 ஜிபி பழைய பைல்களை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 22 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இரவில் தொடங்கி இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துச் செய்யுங்கள். மின்சாரம் நின்றாலும் ரவுட்டர் இயங்க சிறிய யுபிஎஸ் (மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி) ஒன்று அவசியம்.

சிங்க் ஆவது பெக்கப் ஆகாது. ஒருவர் போல்டரை அழித்தால் எல்லோருடைய கணினியிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள் வைத்திருக்கும், நிறுவனக் கணக்கில் வன்டிரைவ் 93 நாள். அதற்குப் பிறகு தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மாதம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, ஆலையில் வைக்காமல் வேறொரு வீட்டில், வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். பேப்பர்லெஸ் ஓடும் கணினி ஆலைக்குள்ளேயே இருப்பதால் அதற்கு இது இன்னும் முக்கியம்.

படி 6: 100 பத்திரம், இரண்டு கிழமை

உங்கள் சொந்தப் பத்திரங்களில் 100ஐ எடுத்து இரண்டு முறைகளிலும் ஏற்றுங்கள். மங்கியவையும் பாமினியும் கையெழுத்தும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஸ்கான் செய்யாத ஒருவரிடம் பத்துப் பத்திரங்களைத் தேடச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒரு பைலை வேண்டுமென்றே அழித்து, திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியே எடுக்க வழி உண்டா என்பதையும் செய்தே பார்க்க வேண்டும்: கூகுளில் ‘டேக்அவுட்’ உண்டு, பேப்பர்லெஸ்ஸில் ஏற்றுமதிக் கட்டளை உண்டு. விற்பனையாளர் இதற்குத் தெளிவான பதில் தராத மென்பொருளை வாங்க வேண்டாம்.

விலையை டொலரில் ஓராளுக்கு ஒரு மாதம் என்று சொல்வார்கள். அதை ஆட்களின் எண்ணிக்கையாலும் 12ஆலும் பெருக்கி, ரூபாய்க்கு மாற்றி, வரியையும் சேர்த்து எழுதுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மாதக் கட்டணமே கட்டுங்கள். அதுவரை மூலக் கடதாசி எதையும் எறிய வேண்டாம். வரி, வேலையாட்கள், காணி தொடர்பானவற்றை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பதை உங்கள் கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.