கேமராவுக்கு மெமரி கார்டு: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கடையில் முதலில் வரும் கேள்வி "எத்தனை ஜிபி வேணும்?" என்பது. அடுத்து, கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 என்ற எண்ணைக் காட்டி "இதுதான் ஸ்பீடு" என்பார்கள். வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு. உங்கள் கேமராவின் ஸ்லாட் எந்த வகை? அந்தக் கார்டில் எழுதும் வேகம் எவ்வளவு? பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் அது உதவும். படம் எடுக்கும்போது கேமரா கார்டில் எழுதுகிறது. அந்த எழுதும் வேகம் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும், சில பாக்கெட்டுகளில் அதுவும் இருக்காது.

இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை எஸ்டி கார்டு போடுபவை என்பதால் அதைப் பற்றியே இங்கே பேசுகிறோம். நிக்கான் இசட்8, இசட்9, கேனான் ஆர்5 போன்றவற்றில் இருக்கும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி ஸ்லாட்டும், சோனியின் சில கேமராக்களில் இருக்கும் டைப் ஏ ஸ்லாட்டும் தனி ரகம். டைப் ஏ, டைப் பி இரண்டில் ஒன்றின் கார்டு மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

ஸ்லாட்டைப் பாருங்கள்

எஸ்டி கார்டைத் திருப்பிப் பார்த்தால் தங்க நிறத்தில் தொடுபட்டைகள் தெரியும். ஒரே வரிசை இருந்தால் யுஎச்எஸ்-1 வகையாகவோ (யுஎச்எஸ் என்பது கார்டுக்கும் கேமராவுக்கும் இடையிலான இணைப்பின் வகை) அதற்கும் பழையதாகவோ இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரிசையும் இருந்தால் யுஎச்எஸ்-2. முன்பக்கத்தில் ரோமன் எண்ணில் ஒரு கோடு அல்லது இரண்டு கோடு போட்டிருப்பதும் இதைத்தான் சொல்கிறது. யுஎச்எஸ்-1 இணைப்பில் நொடிக்கு 104 எம்பி வரைதான் போகும். யுஎச்எஸ்-2வில் 312 எம்பி வரை.

சோனி ஏ6400, இசட்வி-இ10, நிக்கான் இசட்30, இசட்50, கேனான் ஆர்50 ஆகியவற்றில் இருப்பது யுஎச்எஸ்-1 ஸ்லாட். இவற்றில் யுஎச்எஸ்-2 கார்டைப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் இரண்டாம் வரிசைப் பட்டைகளைத் தொட ஸ்லாட்டில் ஒன்றும் கிடையாது, எனவே கார்டு யுஎச்எஸ்-1 வேகத்திலேயே ஓடும். கூடுதலாகக் கொடுத்த பணம் கேமராவுக்குள் பயன்படாது. சோனி ஏ6700, கேனான் ஆர்10, ஃபியூஜி எக்ஸ்-டி5 போன்றவற்றில் ஸ்லாட் யுஎச்எஸ்-2, அங்கே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

இரட்டை ஸ்லாட் கேமராவில் இன்னும் கவனம் வேண்டும். சோனி ஏ7-3இல் முதல் ஸ்லாட் மட்டும் யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. இரண்டிலும் ஒரே படத்தை எழுதும் பேக்கப் முறையில் வைத்தால், வேகம் குறைந்த ஸ்லாட் எழுதி முடிக்கும் வரை கேமரா காத்திருக்கும். முதல் ஸ்லாட்டில் எவ்வளவு வேகமான கார்டு இருந்தாலும் அப்படித்தான்.

104 எம்பிதான் எல்லை என்றால் யுஎச்எஸ்-1 கார்டில் 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தொழில்நுட்பம் அது. அதற்கென்று அவர்களே விற்கும் ரீடரில் போட்டால் அந்த வேகம் கிடைக்கும். சாதாரண ரீடரில் அதே கார்டு 90 எம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

லேபிளைப் படிப்பது

அரை ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய லேபிளில் ஏழெட்டுக் குறிகளை நெருக்கியிருப்பார்கள். பார்க்க வேண்டியவை இவை. யு என்ற எழுத்துக்குள் 1 இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வேகம் நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே போகாது. 3 இருந்தால் 30 எம்பிக்குக் கீழே போகாது. வி30, வி60, வி90 என்பவை வீடியோவுக்கான குறிகள். அந்த எண்ணே நொடிக்கு எத்தனை எம்பி உறுதி என்பதைச் சொல்லிவிடும். சி என்ற எழுத்துக்குள் இருக்கும் 10 பழைய குறி, யு1க்குச் சமம். ஏ1, ஏ2 என்பவை ஃபோனில் ஆப் ஓட்டுவதற்கான அளவுகோல், கேமராவுக்கு அதனால் பயனில்லை. 633எக்ஸ், 1066எக்ஸ் என்று போட்டிருந்தால் எண்ணை 0.15ஆல் பெருக்குங்கள்: 633எக்ஸ் என்பது சுமார் 95 எம்பி. அதுவும் படிக்கும் வேகமே.

யு, வி, சி குறிகள் சொல்வது குறைந்தபட்ச எழுதும் வேகத்தை. உச்ச எழுதும் வேகம் தனி. ஒரே பெயரில் வரும் வரிசையிலேயே 64, 128 ஜிபி கார்டுகளுக்கு 90 எம்பி, 256 ஜிபிக்கு 140 எம்பி என்று எழுதும் வேகம் மாறுவதுண்டு. எனவே பெயரை மட்டும் பார்க்காமல், வாங்கப்போகும் கொள்ளளவுக்கு உரிய எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீடியோ எடுப்பவர்களுக்கு

கேமரா மெனுவில் வீடியோவின் அளவு மெகாபிட்டில் இருக்கும், கார்டில் மெகாபைட்டில் இருக்கும். எட்டால் வகுத்தால் போதும். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி வேண்டும், 200 மெகாபிட்டுக்கு 25. இரண்டுமே வி30க்குள் அடங்கிவிடும். பானசோனிக் ஜிஎச்5 போன்ற கேமராவில் 400 மெகாபிட் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் முறை) எடுத்தால் 50 எம்பி ஆகிறது, அங்கே வி60 வேண்டும். 600 மெகாபிட் என்றால் 75 எம்பி, வி90 மட்டுமே தாங்கும். "4கே எடுக்க வி90 கட்டாயம்" என்று யாராவது சொன்னால், எத்தனை மெகாபிட் 4கே என்று கேளுங்கள். யூடியூப் வீடியோவும் கல்யாண வீடியோவும் எடுப்பவர்களில் பலருக்கு நல்ல வி30 கார்டே போதும்.

வேகம் போதாத கார்டைப் போட்டால் என்ன நடக்கும் என்பது கேமராவைப் பொறுத்தது. சோனியின் பல கேமராக்களில் 100 மெகாபிட் 4கே எடுக்க யு3 கார்டு வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபார்மட்டில் பதிவு செய்ய முடியாது என்று செய்தி வரும். தொடங்கும்போதே சொல்லிவிடுவதால் அது நல்லது. வேறு சிலவற்றில் பதிவு தொடங்கி, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் ஸ்க்ரீனைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நின்றதே தெரியாது. புதுக் கார்டு எதையும் வீட்டிலேயே, அதே செட்டிங்கில், பத்து நிமிடம் விடாமல் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஃபோட்டோ எடுப்பவர்களுக்கு

ஒவ்வொன்றாக எடுத்தால் எந்தக் கார்டும் சமாளிக்கும். தொடர்ந்து அடிக்கும்போதுதான் வித்தியாசம். 24 மெகாபிக்சல் கேமராவின் கம்ப்ரெஸ்டு ரா ஃபைல் (ஜேபெக்காக மாற்றாமல் சென்சார் பதிந்ததை வைத்திருக்கும் ஃபைல்) ஏறக்குறைய 25 எம்பி. நொடிக்கு 8 படம் என்றால் 200 எம்பி. இவ்வளவும் முதலில் கேமராவின் பஃபரில் சேர்கிறது. அது ஒரு தொட்டி. கார்டு அதிலிருந்து வெளியேறும் குழாய். குழாய் நொடிக்கு 80 எம்பி இழுத்தால், தொட்டி நிரம்பியதும் கேமரா நொடிக்கு மூன்று படத்துக்கு இறங்கிவிடும். அட்சதை விழும் அந்தச் சில நொடிகளில் விரலை அழுத்திப் பிடித்திருப்பவருக்கு இது பெரிய இழப்பு. விளையாட்டு, பறவை, நடனம் எடுப்பவர்கள் யுஎச்எஸ்-2 ஸ்லாட் உள்ள கேமரா வைத்திருந்தால் கார்டில் செலவு செய்யலாம். யுஎச்எஸ்-1 கேமரா என்றால் ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பதை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தாலே பஃபர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

எத்தனை ஜிபி?

64 ஜிபி கார்டில் 25 எம்பி ரா ஃபைல் சுமார் 2,500 அடங்கும். 100 மெகாபிட் வீடியோ என்றால் ஏறத்தாழ 85 நிமிடம். கம்ப்யூட்டரில் 59 ஜிபி சொச்சம் என்று காட்டுவது ஏமாற்று வேலை அல்ல. நிறுவனம் ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1,024ஆல் கணக்கிடுகிறது.

ஒற்றை ஸ்லாட் கேமராவில் நாள் முழுவதும் ஒரே 256 ஜிபி கார்டை வைத்து எடுப்பதைவிட, நான்கு 64 ஜிபி கார்டுகளில் பிரித்து எடுப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் மீதி கையில் இருக்கும். நிச்சயதார்த்தம் ஒன்றில், முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு ஒன்றில் என்று பிரித்துக்கொள்ளலாம். இரட்டை ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு கார்டு போட்டு, பேக்கப் முறையில் வைத்துவிடுங்கள். பிறர் வீட்டு விசேஷத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இது அவசியம்.

பழைய டிஜிட்டல் கேமராவைத் தூசி தட்டி எடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதில் 128 ஜிபி கார்டைப் போட்டு "கார்டு எரர்" வந்தால் கேமரா மேல் பழி போடாதீர்கள். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டு வந்தது 2006இல், 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வந்தது 2009இல். அதற்கு முந்தைய கேமராவுக்கு அந்த வகைக் கார்டு புரியாது. மேனுவலில் எஸ்டி என்று மட்டும் இருந்தால் 2 ஜிபி கார்டு தேடுங்கள், எஸ்டிஎச்சி என்றும் இருந்தால் 32 ஜிபி வரை போகலாம்.

வாங்கியதும் சோதனை

போலிக் கார்டில் இரண்டு வகை. ஒன்று, சுமாரான கார்டுக்குப் பெரிய பிராண்டின் ஸ்டிக்கர். மற்றது மோசமானது: உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து, கன்ட்ரோலரைத் திருத்தி 128 ஜிபி என்று பொய் சொல்லவைத்திருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதன் பிறகு எழுதுவது எங்கும் போய்ச் சேராது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். கேமரா எந்த எரரும் காட்டாது, ஃபைல் பெயர்கள்கூட இருக்கும். திறந்தால் படம் இருக்காது. அச்சையும் பாக்கெட்டையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குச் சோதனை மென்பொருள் உண்டு: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டைக் காலி செய்து, யுஎஸ்பி 3 ரீடரில் போட்டு ஓடவிடுங்கள். கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபி கார்டு நொடிக்கு 60 எம்பி எழுதினால், எழுத மட்டும் 18 நிமிடம் ஆகும். முடிவில் எழுதும் வேகத்தையும் காட்டும், இத்தனை நேரம் தேடிய எண் அதுதான். குறித்து வையுங்கள். சோதனை தவறினால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டு முக்கியமான வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவே இன்னொரு தொடர்பு சேர்கிறது, அடாப்டர் சற்றுத் தளர்ந்தாலே பதிவு அறுந்துபோகும்.

பயன்படுத்தும்போது

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக அழித்துக்கொண்டே இருந்தால் காலி இடம் துண்டு துண்டாகி, வி30 கார்டுகூட வீடியோவில் திணறும்.

ஃபார்மட் செய்யும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சோனி கேமராக்களில் ஃபோட்டோ டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும். எக்ஸ்ஏவிசி எஸ் என்ற சோனி ஃபார்மட்டில் எடுத்த வீடியோவோ பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள், எம்4ரூட் என்பதற்குள், கிளிப் என்ற ஃபோல்டரில் இருக்கும். டிசிஐஎம்மை மட்டும் காப்பி செய்துவிட்டு ஃபார்மட் அடித்தால் வீடியோ முழுவதும் போய்விடும். கார்டில் இருக்கும் அத்தனை ஃபோல்டர்களையும் அப்படியே காப்பி செய்வதுதான் பாதுகாப்பு.

கேமராவின் சிவப்பு விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ எடுக்கக் கூடாது. கார்டின் பின்புறத் தொடுபட்டைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவற்றைப் பாருங்கள். ஒன்று முறிந்து ஸ்லாட்டுக்குள் விழுந்தால் கேமராவையே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டிவரும், எனவே விரிசல் தெரிந்த கார்டை அன்றே ஒதுக்கிவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் லாக் பொத்தானும் தளர்ந்துபோகும். ஸ்லாட்டில் நுழைக்கும்போது தானே நகர்ந்து, கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா சொல்லும். சோனியின் டஃப் வரிசை எஸ்டி கார்டுகளில் இந்தத் தடுப்பும் லாக்கும் இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

தவறுதலாக அழித்துவிட்டாலோ ஃபார்மட் ஆகிவிட்டாலோ, அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே வெளியே எடுத்து லாக்கைப் போடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்கும் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். ஜேபெக், ரா ஃபைல்கள் பெரும்பாலும் திரும்ப வரும். நீளமான வீடியோ துண்டாகிக் கிடந்தால் முழுதாக வருவது கடினம். காரணமில்லாமல் ஒருமுறை எரர் காட்டிய கார்டை, படங்களை மீட்ட பிறகு, மறுபடி பணம் வாங்கிச் செய்யும் வேலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.