தீ அணைந்த கட்டடத்தில் ஏசி டக்ட்டைத் துப்புரவு செய்யும் முறை

தீயணைப்பு வண்டி திரும்பியதும், உள்ளே அடைந்து கிடக்கும் புகை வெளியேறட்டும் என்று ஏசியைப் போட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் தரைத்தளத்து மின்பலகை அறையில் பற்றிய தீ, அந்த அறையைத் தாண்டாமலே அணைக்கப்பட்டுவிட்டது. மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஏஎச்யூவை, அதாவது காற்றைக் குளிர்வித்து டக்ட்டுக்குள் தள்ளும் இயந்திரத்தை, ஓட்டிவிட்டார்கள். தீ எட்டியே பார்க்காத மூன்றாம் மாடியில், காற்றைப் பரப்பிவிடும் கூரை வாயான டிஃப்யூசருக்கு நேர் கீழே அடுக்கியிருந்த பட்டுப் புடவைகளின் மேல், அந்த டிஃப்யூசரின் பட்டைகளை அச்செடுத்ததுபோல் வரிவரியாகக் கரி படிந்திருந்தது. தீ ஒரு தளத்தில் செய்த சேதத்தை, காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாயான டக்ட் நான்கு தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

ஆகவே முதல் வேலை, ஏஎச்யூவின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பொறுப்பாளர் ஒருவரே வைத்திருப்பது. காலையில் தானாக ஓடும்படி டைமரில் நேரம் வைத்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிறகு காற்று அறைக்குள் வரும் சப்ளை கிரில், திரும்பிப் போகும் ரிட்டர்ன் கிரில், வெளிக்காற்று நுழையும் வழி எல்லாவற்றையும் பாலித்தீன் தாளால் மூடி டேப் ஒட்டிவிட வேண்டும். கட்டடத்தின் உறுதியையும் மின் இணைப்பையும் தகுதியுள்ளவர்கள் பார்த்துச் சொல்லும் வரை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாரும் ஏறக்கூடாது. காப்பீட்டு சர்வேயர் வருவதற்கு முன்பு எதையும் துடைக்காமல், ஒவ்வொரு கிரில்லையும் ஃபில்டரையும் தளம், இடம் எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, எரிந்தது என்ன என்று கேட்டறிய வேண்டும்; துப்புரவு முறை அதைப் பொறுத்துத்தான் அமையும். காகிதமும் பருத்தியும் நன்றாகப் பற்றி எரிந்தால் கரி உலர்ந்த தூளாக இருக்கும், எளிதில் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஃபோம், செயற்கை இழைத் துணி, பிளாஸ்டிக் ஆகியவை புகைந்து எரிந்தால் கரி பிசுபிசுப்பாக ஒட்டும். தேய்த்தால் இழுபட்டுப் பரவும். உணவகச் சமையலறையில் இறைச்சியும் எண்ணெயும் கருகினால் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு கடுமையாக நாறும். எல்லாவற்றிலும் மோசமானது பிவிசி வயர் எரிந்த புகை. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. சில நாட்களிலேயே துத்தநாகம் பூசிய இரும்பான ஜிஐ தகட்டில் வெள்ளைப் பொடி பூக்கும், காற்றைக் குளிர்விக்கும் காயிலின் செம்புக் குழாய் பச்சை பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிஹெச் தாளைக் கரியின்மேல் அழுத்திப் பார்த்தால் அமிலம் இருப்பது தெரிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து உலர்த்தலாம் என்று எண்ண வேண்டாம். பிற்பகலில் வரும் கடற்காற்று ஈரத்தைத்தான் கொண்டுவரும். மின்சாரம் பாதுகாப்பாகக் கிடைத்தவுடன் டீஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 40 வரை இறக்குங்கள். தீயணைப்பான் பவுடர் தெளித்திருந்தால் அவசரம் இன்னும் கூடும். ஏபிசி வகையில் உள்ள மோனோஅமோனியம் பாஸ்பேட்டும் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும்.

எதைக் காப்பாற்றலாம், எதைக் கழிக்க வேண்டும் என்பதில் கருமித்தனம் பார்க்கக்கூடாது. ஃபில்டர்கள், ஃபிளெக்சிபிள் டக்ட், டக்ட்டின் உட்புறம் ஒட்டிய கண்ணாடியிழை லைனிங், ஏஎச்யூவையும் டக்ட்டையும் இணைக்கும் கேன்வாஸ் ஆகியவற்றில் கரி ஏறியிருந்தால் கழற்றிப் பையில் கட்டி வெளியேற்றிவிட வேண்டும்; நுண்துளைகளில் புகுந்த புகையை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும். ஜிஐ தகட்டின் பூ வடிவம் மறைந்து, தகடு நெளிந்திருந்தால் அந்தத் துண்டையே மாற்றுங்கள். தீ பரவாமல் டக்ட்டை மூடும் ஃபயர் டேம்பரின் உருகும் இணைப்பு விட்டுப்போயிருந்தால் புதிது போட்டு, டேம்பர் முழுதாக மூடித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பலகையோ இன்சுலேஷனோ இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ஆய்வகச் சோதனை முடியும் வரை கை வைக்கக்கூடாது.

துப்புரவில் ஒரே விதி: முதலில் உலர் முறை, பிறகுதான் ஈரத் துணி. ஈரத்தை முதலில் கொண்டுபோனால் தூள் குழம்பாகி மூட்டுகளில் புகுந்துவிடும். டக்ட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு முனையில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் பொருத்திய உறிஞ்சு இயந்திரத்தை இணைத்து, உள்ளே எதிர்மறை அழுத்தம் நிற்கும்படி செய்ய வேண்டும். மறுமுனையிலிருந்து சுழல் பிரஷ்ஷையோ அழுத்தக் காற்றில் துடிக்கும் காற்றுச் சாட்டையையோ உறிஞ்சும் திசை நோக்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பிரஷ் எட்டாத வளைவுகளில் தகட்டை வெட்டிக் கதவு வைத்து, கையாலேயே வேக்யூம் பிடியுங்கள். இந்த வேக்யூமும் ஹெப்பாவாக, அதாவது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். சாதாரண வேக்யூம் நுண்கரியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். வேலையாட்களுக்குத் துணி மாஸ்க் போதாது. நுண்துகளைத் தடுக்கும் பி100 சுவாசக் கவசம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கொடுத்த பிறகே உள்ளே அனுப்புங்கள். புகைக்கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உள்ளன.

தூள் போன பிறகு மிதமான காரச் சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சுத்த நீர்த் துணியால் ஒருமுறை எடுத்து, உடனே உலர்த்த வேண்டும். ஹோஸ் பிடித்து டக்ட்டுக்குள் தண்ணீர் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்; அடுத்த மழைக்காலத்தில் அங்கே பூஞ்சை வரும். காயிலுக்குக் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில், காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்காத குறைந்த அழுத்தத்தில் கழுவி, அழுக்கு நீரை வடிகால் குழாய்க்குள் விடாமல் வாளியில் பிடிக்க வேண்டும். ப்ளோயர் சக்கரத்தைக் கழற்றி ஒவ்வோர் இதழையும் துடையுங்கள். ஒரு பக்கம் கரி தங்கினாலும் சக்கரம் அதிர்ந்து பேரிங்கைக் கெடுக்கும்.

நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் ரிட்டர்ன் காற்றுக்குத் தனி டக்ட் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடமே வழி. அப்படியானால் அந்தக் கூரைத்தளம், கேபிள் ட்ரே, பலகைகளின் மேற்புறம் எல்லாமே இந்த அமைப்பைச் சேர்ந்தவை. அதை விட்டுவிட்டு டக்ட்டை மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தால், ஏசி போட்ட முதல் நாளே வாசனை திரும்பிவிடும்.

வாசனைக்கு ஓசோன் இயந்திரமோ நறுமணப் புகையோ போதும் என்பவர்களை நம்பாதீர்கள். நாறுவது கரி, கரி போகாமல் வாசனை போகாது. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு, ஆள் இருக்கும் இடத்தில் அதை விடவே கூடாது. சீலன்ட் பூச்சும் துப்புரவு முடிந்து சோதித்த பிறகே; கரியின் மேல் பூசினால் பூச்சு உரியும்.

முடிந்ததும் வெள்ளைத் துணியால் பல இடங்களில் துடைத்துப் பார்க்க வேண்டும், கேமரா விட்டு வளைவுகளைப் பார்க்க வேண்டும். அளவாக உறுதிசெய்ய வேண்டுமானால், அமெரிக்க டக்ட் துப்புரவாளர் சங்கமான நாட்காவின் வேக்யூம் சோதனை உண்டு: 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் எடுக்கப்படும் தூசு 0.75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பிறகு புது ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு டிஃப்யூசரிலும் மெல்லிய வெள்ளை ஃபில்டர் துணி கட்டி, சரக்கையும் ஆட்களையும் அகற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். எந்தத் துணி கறுத்திருக்கிறதோ அந்தக் கிளையை மறுபடி திறக்க வேண்டும். கறுக்காதவற்றைக் கழற்றிவிட்டு, வெட்டிய கதவுகளைக் கேஸ்கெட் வைத்து மூடி, வெளி இன்சுலேஷனை ஒட்டி, கதவுகள் இருக்கும் இடங்களை டக்ட் வரைபடத்தில் குறித்துக் கட்டடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து ஃபில்டரை மாற்ற வரும்போது அந்தக் கதவுகளில் இரண்டையாவது திறந்து பாருங்கள்.