டர்பனில் லைசென்ஸ் மாற்றணுமா? முதல் போன் ஊர் ஆர்டிஓ ஆபீசுக்கு

தென்னாப்பிரிக்காவில் பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்த சந்தோஷத்தில் ஊருக்குப் போன் போட்டு, கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, எல்லாம் முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஒருநாள் சாவகாசமாக "லைசென்ஸ் மாத்தணுமாமே, எங்கே போகணும்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் அப்படிக் கேட்ட ஆள்தான். இங்கே எங்கே போகணும் என்பது சின்ன விஷயம். ஊரிலிருந்து என்ன காகிதம் வரணும், அது வர எத்தனை நாள் ஆகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் இதைப் படிப்பவர்கள் பிஆர் வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பம் போட்ட அன்றைக்கே லைசென்ஸ் வேலையையும் ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில், உங்களுக்கு மாற்ற வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருப்பவர்கள் ஊர் லைசென்ஸை வைத்தே தென்னாப்பிரிக்காவில் ஓட்டலாம். அது காலாவதி ஆகாமல் இருக்கணும், போட்டோவும் கையெழுத்தும் இருக்கணும், ஆங்கிலத்தில் இருக்கணும் (இல்லையென்றால் ஆங்கில மொழிபெயர்ப்போ சான்றிதழோ கூடவே வைத்திருக்கணும்), அவ்வளவுதான். பிஆர் கையில் வந்துவிட்டால் கதை மாறிவிடும். அது வழங்கப்பட்ட தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். பரீட்சை கிடையாது, ஓட்டிக் காட்டுவது கிடையாது. வருடம் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து: லேர்னர்ஸ், அப்புறம் கே53 என்ற ஓட்டும் டெஸ்ட்.

இதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கி வந்த இன்டர்நேஷனல் பர்மிட் இருக்கிறதே, அதை மாற்ற முடியாது. அது ஒரு வருடத்துக்கான மொழிபெயர்ப்புப் புத்தகம் மாதிரி. மாற்றுவது அசல் லைசென்ஸை வைத்து மட்டும்தான்.

வேலை விசாவில் இருந்துகொண்டு கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சின்ன வேலை உண்டு. இங்கே ஐடி எண் இல்லாதவர்கள் பெயரில் வண்டி பதிய டிராஃபிக் ரிஜிஸ்டர் நம்பர் என்று ஒன்று வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, போட்டோ எடுத்துக்கொண்டு ஏஎன்ஆர் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்கணும். ஷோரூம்காரர் கார் சாவியை நீட்டும் நேரத்தில்தான் பலருக்கு இந்த எண்ணைப் பற்றியே தெரிய வருகிறது.

சரி, பிஆர்காரர்களுக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று மேலே சொன்ன ஒரு வருடம். மற்றொன்று ஊர் லைசென்ஸின் சொந்த ஆயுள். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். 2019 செப்டம்பருக்கு முன் இந்தியாவில் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு, சொந்த வண்டி ஓட்டுவதற்கானது 20 வருடம் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். சட்டம் மாறிய பிறகு எடுத்தவர்களுக்கும் புதுப்பித்தவர்களுக்கும் கணக்கு வேறு: 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை, 30க்கு மேல் 50க்குள் என்றால் 10 வருடம்தான். என்னுடையது 2004 ஜூனில் திருநெல்வேலியில் எடுத்தது. பிஆர் வந்தது 2023 மார்ச்சில். ஆக மார்ச் 2024க்குள் இங்கே மாற்றணும், இல்லையென்றால் அந்த ஜூனில் ஊர் லைசென்ஸும் செத்துவிடும். அட்டையின் பின்பக்கத்தை அதற்கு முன் எத்தனை வருடமாகத் திருப்பிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

காலாவதி ஆன லைசென்ஸை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள். ஊரில் காலாவதி தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்து ஒரு வருடம் பின்புவரை புதுப்பிக்கலாம், அதையும் தாண்டினால் அங்கேயே மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்று வேறு. எனவே அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கல்யாணம் காட்சி என்று அலைவதற்கு நடுவில் ஒரு நாளை ஆர்டிஓ ஆபீசுக்கு ஒதுக்குங்கள்.

இப்போது விஷயத்தின் கருவுக்கு வருகிறேன். நம் லைசென்ஸ் ஆங்கிலத்திலேயே இருந்தாலும், இங்கே டெஸ்டிங் சென்டர் (லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ்) கவுண்டரில் "இது உண்மையான லைசென்ஸ்தான், இன்ன தேதிவரை செல்லும், இன்ன வண்டி ஓட்டலாம்" என்று இந்தியத் தூதரகம் தரும் கடிதத்தைக் கேட்பார்கள். டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்துக்காரர்களுக்கு டர்பன் துணைத்தூதரகம். ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் ஒவ்வொன்று உண்டு, பிரிட்டோரியாவில் தூதரகமே இருக்கிறது. எழுதித் தருகிறவர்கள் எதை வைத்து எழுதித் தருவார்கள்? சாரதி என்ற மத்திய அரசுத் தளத்தில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிப் வைத்த புது அட்டைக்காரர்களுக்கு எண்ணைத் தட்டியதும் விவரம் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான், பத்தே நாளில் கடிதம் கையில்.

எனக்கு? லேமினேட் செய்த பழைய அட்டை. எண்ணைத் தட்டினால் "பதிவு இல்லை". பத்தொன்பது வருடமாக ஓட்டியிருக்கிறேன், தாமிரபரணிப் பாலத்தில் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவில் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான், ஆனால் கம்ப்யூட்டருக்கு நான் யாரென்றே தெரியாது! பழைய பதிவேடுகளிலிருந்து எல்லாரையும் கணினியில் ஏற்றவில்லை, அதுதான் காரணம். இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ் வழங்கிய ஆர்டிஓ ஆபீசிலேயே "பேக்லாக் என்ட்ரி" என்று கேட்டால், பழைய பதிவேட்டைப் பார்த்துச் சாரதியில் ஏற்றுவார்கள். தம்பி என் அதிகாரக் கடிதத்தோடு நான்கு முறை போனான். முதல் முறை அதற்கான ஆள் லீவு, இரண்டாம் முறை பதிவேடு மாடியில், மூன்றாம் முறை மாடிச் சாவி இல்லை. நான்காம் முறை ஒரு வயதான கிளார்க் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். இரண்டரை மாதம். எண் ஏறியதும் அதே சாரதி தளத்தில் டிஎல் எக்ஸ்ட்ராக்ட் என்ற நகலுக்கு விண்ணப்பிக்கலாம், அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் கேட்கும்போது கூடவே நீட்டினால் கேள்வி குறையும்.

ஆகவே இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் எண்ணையும் பிறந்த தேதியையும் சாரதியில் போட்டுப் பாருங்கள். வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வராவிட்டால் தம்பிக்கோ மச்சானுக்கோ போன் போடுங்கள்.

அடுத்த தலைவலி பெயர். இது தமிழர்களுக்கென்றே எழுதி வைத்த தலைவலி. லைசென்ஸில் "செல்வி எஸ்" என்று இருக்கும், எஸ் என்பது அப்பா சுப்பையா. பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வீட்டுக்காரர் பெயர் ஏறியிருக்கும். பிஆர் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கும். இங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இனிஷியல் என்றால் முதல் பெயரின் சுருக்கம், அப்பா பெயரின் சுருக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. எஸ் எங்கே போனது என்றுதான் கேட்பார். கேட்டார். என்னைத் திருப்பி அனுப்பினார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. இதற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று துணைத்தூதரகத்தில் ஒரு சான்று வாங்கலாம். லைசென்ஸ் கடிதம் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் ஒரே அலைச்சலில் முடியும். நான் தனித்தனியாகக் கேட்டு இரண்டு தடவை லீவு போட்டேன். கல்யாணச் சான்றிதழ் நகலையும் வைத்திருங்கள்.

நகல்கள் எல்லாம் சான்றொப்பம் பெற்றவையாக இருக்கணும். ஊரில் கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைந்த நமக்கு இது பெரிய ஆறுதல்: இங்கே எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் போய் அசலையும் நகலையும் காட்டினால் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், காசு கிடையாது. அஃபிடவிட்டும் அங்கேயே எழுதலாம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், அதனால் ரொம்ப முன்னாடியே குத்தி வைக்காதீர்கள்.

டெஸ்டிங் சென்டருக்குப் போகும் நாளில் பைக்குள் இருக்க வேண்டியவை: ஐடி அல்லது பாஸ்போர்ட், பிஆர் சான்றிதழ், அசல் லைசென்ஸ், தூதரகக் கடிதம், பெயர்ச் சான்று, மூன்று மாதத்துக்குட்பட்ட முகவரிச் சான்று (வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் கடிதமோ அஃபிடவிட்டோ), பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து, கட்டணத்துக்குப் பணம். மாகாணத்துக்கு மாகாணம் கட்டணம் மாறும், முதல்நாள் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். டிஎல்1 என்ற படிவம் அங்கேயே கிடைக்கும். கண் பரிசோதனை, கைரேகை, போட்டோ எல்லாம் அங்கேயே நடக்கும். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் போட்டுக்கொண்டு போங்கள், அது அட்டையிலும் ஏறும். கதவு திறப்பதற்கு முன்னாடியே போய் நில்லுங்கள். மாத முதல் வாரமும் மழைக்கு மறுநாளும் கூட்டம் அள்ளும். எங்கள் தெருவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் கொள்ளுத்தாத்தா மதராசிலிருந்து கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அந்த அக்காதான் மடக்கு நாற்காலியும் ஒரு பிளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினார். வரிசையில் நின்ற எட்டுப் பேர் அந்த நாற்காலியைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

வரிசையில் ஒருவர் வந்து காதோரமாக "சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்பார். வேண்டாம். "கூல்டிரிங்குக்கு ஏதாவது" என்று இங்கே கேட்டால், ஊரில் "டீ செலவுக்கு" என்பதன் மொழிபெயர்ப்பு அது. முறைகேடாக வாங்கிய லைசென்ஸ் பிடிபட்டால் கேஸ், பிஆரோடு விளையாட யாருக்கும் மனசு வராது.

எந்த வண்டிக்கு எந்த கோட் (லைசென்ஸ் வகை) என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் எல்எம்வி (கார் மாதிரி இலகு ரக வண்டி) இங்கே கோட் பி ஆகும், பழையவர்கள் கோட் 8 என்பார்கள். 3,500 கிலோ வரைதான். ஊரில் எல்எம்வியை வைத்து 7,500 கிலோ வரை ஓட்டியவர்கள் அந்தக் கனவை விட்டுவிடணும். பைக்குக்கு 125 சிசிக்குள் ஏ1, அதற்கு மேல் ஏ. ஊரில் டாக்ஸி பேட்ஜ் இருந்தாலும் அது இங்கே செல்லாது, ஆட்களை ஏற்றி ஓட்ட பிஆர்டிபி என்ற தனி அனுமதி எடுக்கணும்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அட்டை எப்போது வரும்? பொறுமை வேண்டும். நாடு முழுவதற்கும் அட்டை அச்சடித்தது ஒரே ஒரு மெஷின், 2025 பிப்ரவரியில் அது படுத்துவிட்டதில் லட்சக்கணக்கான அட்டைகள் தேங்கின. ஆறு மாதம் செல்லும் தற்காலிக லைசென்ஸ் ஒன்றைத் தனியாகக் காசு கட்டி வாங்கலாம், நான் வாங்கினேன். இது வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது லைசென்ஸைத்தான் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். இந்தியா மாதிரி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இங்கே கட்டாயமில்லை. ஆள் காயம் பட்டால் பெட்ரோல் விலையில் பிடிக்கும் வரியிலிருந்து ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் கொடுக்கும், ஆனால் இடித்த வண்டிக்கு யாரும் தர மாட்டார்கள். நம் இன்ஷூரன்ஸும் கைவிட்டால் மொத்தமும் நம் பாக்கெட்.

வருடத்தைத் தவற விட்டவர்களுக்கு: லேர்னர்ஸ் எழுத்துத் தேர்வு சுலபம், அது 24 மாதம் செல்லும். கே53 ஓட்டும் தேர்வில்தான் இருபது வருட அனுபவக்காரர்கள் விழுகிறார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு அங்குலம் பின்னால் உருண்டாலும் அங்கேயே ஃபெயில். கண்ணாடியைப் பார்த்தால் போதாது, பார்ப்பது தெரியும்படி தலையைத் திருப்பணும். நாலு கிளாஸ் எடுத்துவிட்டுப் போங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

இடதுபக்கம் ஓட்டுவது நம் ஊர் மாதிரியேதான், அதனால் கை பழகிவிடும். பழகாதது இரண்டு. நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கும் சந்திப்பில் யார் முதலில் வந்து நின்றாரோ அவர்தான் முதலில் போவார், ஹார்ன் அடித்து நுழைந்தால் எல்லாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று, இங்கே சிக்னலுக்குப் பெயர் ரோபோ. வந்த புதிதில் அந்த அக்கா "ரெண்டாவது ரோபோல லெஃப்ட்" என்று வழி சொன்னார், நான் ரோட்டோரத்தில் பொம்மை ஏதும் நிற்கிறதா என்று தேடிக்கொண்டே டோங்காட் வரை போய்விட்டேன்.

அட்டை வந்ததாகத் தகவல் கிடைத்தால் 120 நாளுக்குள் நேரில் போய் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பெயர், பிறந்த தேதி, கோட் மூன்றையும் படித்துப் பாருங்கள். ஐந்து வருடம் செல்லும். நகல் ஒன்றை இன்ஷூரன்ஸுக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டு, தம்பிக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள், மாடிச் சாவிக்காக அலைந்தவன் அவன்.