கார் சக்கரத்தை மட்டும் சுற்றும் குழந்தையோடு எப்படி விளையாடுவது?

பிள்ளைக்கு ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை), பேச்சுத் தாமதம் என எதுவாக இருந்தாலும், வீட்டில் விளையாட உட்காரும்போது பெற்றோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறோம். விளையாட்டாகத் தொடங்கியது ஐந்து நிமிடத்தில் பாடமாகிவிடும். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இப்படி அடுக்கு பார்க்கலாம்." பிள்ளை எழுந்து போய்விடும், இல்லையென்றால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பரீட்சையாகிவிட்ட இடத்தில் அதற்கு விளையாட எதுவும் மிஞ்சவில்லை.

நேரம் குறைவாக இருக்கட்டும். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். பிள்ளை தூங்கி எழுந்து, பசியில்லாமல் இருக்கும் வேளையாகப் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள். பொம்மைகள் மூன்று, நான்கு போதும், மீதி கண்ணில் படாமல் இருக்கட்டும். கூடை நிறையக் கொட்டினால் பிள்ளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், எதிலும் நிலைக்காது. நீங்கள் எதிரே, முகத்துக்கு நேர் முகமாக இருக்க வேண்டும். அது குப்புறப் படுத்தால் நீங்களும் படுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் முகம் வெறும் நிழலாகத் தெரியும். பார்வையோ கேட்கும் திறனோ குறைந்த பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு முதலில் உடலைத் தாங்கிக் கொடுக்க வேண்டும். விழாமல் உட்காரவே பலமெல்லாம் செலவானால் கைக்கு எதுவும் மிஞ்சாது. நாற்காலியில் இடுப்பும் முழங்காலும் சுமார் 90 டிகிரியில் மடங்கி, பாதம் தரையிலோ பலகையிலோ முழுதாகப் பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். உட்காரவே முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னும் தலைக்கு அடியிலும் தலையணை கொடுங்கள். அப்போது இரண்டு கைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து சேரும். பொம்மை நழுவினால் அடியில் ஈரத்துணி விரியுங்கள்.

இனி விளையாட்டு. முதல் இரண்டு நிமிடம் எதுவும் சொல்லாமல், எதையும் நீட்டாமல், பிள்ளை செய்வதைப் பாருங்கள். காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றுகிறதா? அதன் காரைப் பிடுங்கி "கார் இப்படித்தான் ஓடும்" என்று ஓட்டிக் காட்டாதீர்கள். அதே போல இன்னொரு காரை எடுத்து, பக்கத்தில் கவிழ்த்து, நீங்களும் சுற்றுங்கள். எப்போதும் இரண்டு செட் வேண்டும் என்பது இதற்காகத்தான். அது நிறுத்தினால் நிறுத்துங்கள், தட்டினால் தட்டுங்கள். ஓரக்கண்ணால் உங்கள் கையைப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினால், 'இப்போது உன் முறை, அடுத்து என் முறை' என்பது உங்கள் இருவருக்கிடையே ஒரு தடவை கைமாறிவிட்டது என்று பொருள்.

இப்படிச் சில முறை போனபின் ஒரே ஒரு மாற்றம் சேருங்கள். சக்கரத்தை விரலால் சட்டென்று நிறுத்தி ஒரு சத்தம் எழுப்பலாம், அல்லது மிக மெதுவாகச் சுற்றலாம். பிள்ளை திரும்பிக்கொண்டால் மாற்றம் அதிகமாகிவிட்டது. பழையபடி சுற்றுவதற்குத் திரும்புங்கள். "நானும் சுற்றினால் அந்தப் பழக்கம் கூடிவிடாதா?" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் தனியே சுற்றியபோது அந்த விளையாட்டில் ஆள் இல்லை, இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். விளையாட்டு விரிவது அந்த ஆள் வழியாகத்தான்.

பிள்ளை செய்வதையே நாமும் செய்வது முதல் கருவி என்றால், இரண்டாவது கருவி காத்திருப்பு. எங்களைக் கேட்டால் எந்தப் பொம்மையையும் விட இதுதான் மேல். சோப்புக் குமிழி ஊதுவது, முகத்தைத் துணியால் மூடித் திறப்பது, மடியில் வைத்து ஆட்டுவது என ஏதாவது ஒன்றை அதே சொல்லோடு, அதே வரிசையில் ஐந்தாறு முறை செய்யுங்கள். "ஒண்ணு… ரெண்டு… மூணு!" அடுத்த முறை "ரெண்டு…" என்றதும் நிறுத்தி, ஆவலான முகத்தோடு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, கையசைவு, உடல் முன்னால் சாய்வது, ஒரு "ம்" எதுவானாலும் பதில்தான். வந்த கணமே "மூணு!"

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, இரண்டு விநாடிக்குள் பொறுமையிழந்து "சொல்லு, சொல்லு" என்று திரும்பக் கேட்பது. கேட்டதைப் புரிந்துகொண்டிருந்த பிள்ளை, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது. கை கால் இயக்கம் சிரமமான பிள்ளைக்கு இருபது விநாடிகூடத் தேவைப்படலாம். மற்றொன்று, "சொன்னாத்தான் ஊதுவேன்" என்று பிடித்து வைப்பது. பதில் வரவே இல்லையென்றால் நீங்களே "மூணு!" சொல்லிச் சிரித்தபடி முடித்துவிடுங்கள்.

பேச்சு பிள்ளையின் அளவுக்கு ஒரு படி மேலே இருந்தால் போதும். சொல்லே இல்லாத பிள்ளைக்கு ஒற்றைச் சொல், ஒற்றைச் சொல் பேசினால் இரண்டு சொல். "சுத்துது", "கார் நின்னுடுச்சு". ஒரு கேள்வி கேட்குமுன் இப்படி மூன்று நான்கு முறை சும்மா சொல்லுங்கள்.

ஓடி மோதிக்கொண்டே இருக்கும் பிள்ளையை உடனே உட்கார வைக்காதீர்கள். முதலில் ஐந்து நிமிடம் கனமான பெட்டியைத் தள்ளட்டும், தலையணைக் குவியலில் குதிக்கட்டும். தொடுவதற்குக் கூசும் பிள்ளையின் கையைப் பிடித்து மணலில் வைக்கவே கூடாது. கரண்டி, தூரிகை, பிறகு விரல் நுனி என்று அதுவே வரட்டும். பார்வை குறைந்த பிள்ளைக்கு ஒரு பொருளைத் தொட்டுக் காட்டும்போது உங்கள் கை கீழே, அதன் கை மேலே. அப்போது பிடிப்பதும் விடுவதும் அதன் விருப்பம். சுழற்றி விளையாடினால் சில சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மயக்கமும் குமட்டலும் தாமதமாகத்தான் தெரியவரும். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ அன்றைக்கு அதோடு போதும்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுப்பு இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணமும் கழுத்தில் பாரம் விழும் ஆட்டமும் வேண்டாம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. வலிப்பு வரும் பிள்ளைக்கு மின்னி மின்னி எரியும் பொம்மைகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வாயில் போடும் பழக்கம் இருந்தால், வயது எத்தனையானாலும், டாய்லெட் பேப்பரின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் பொருள் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரி, சிறு காந்தங்கள், தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகள் மூன்றும் வீட்டிலேயே வேண்டாம். பேட்டரி உணவுக்குழாயை அரித்துவிடும், காந்தங்கள் குடலை இடையில் வைத்து ஒட்டிக்கொள்ளும், மணி வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைக்கும்.

அண்ணன், அக்கா, தம்பி, தங்கையைக் குட்டி டீச்சராக்காதீர்கள். குமிழி ஊதுவது போல, எல்லோரும் எதிர்பார்க்கும் வேலையைக் கொடுங்கள். ஒரு பந்தோ தொப்பியோ கைமாறினால் யார் முறை என்பது கண்ணுக்குத் தெரியும். முதலில் இருவர், அது பழகியபின் மூன்றாமவர். ஒருவர் முறை பத்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. அவர்களுக்கென்று உங்களோடு தனியாகப் பத்து நிமிடமும் நாள்தோறும் வேண்டும்.

முடிக்கும்போதுதான் அழுகை வரும். "இன்னும் ரெண்டு தடவை" என்று விரலில் காட்டி, சொன்னபடி இரண்டே முறை செய்யுங்கள். பிறகு பொம்மையை அதற்கென்ற ஒரே பெட்டியில் பிள்ளையே போடட்டும். அடுத்து என்ன என்பதைப் படமாகவோ பொருளாகவோ காட்டுங்கள், குளிக்கப் போகிறதென்றால் துண்டைக் கையில் கொடுக்கலாம். முதுகை வில்லாக வளைப்பது, காதைப் பொத்துவது, திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிந்தால் பத்து நிமிடம் ஆகாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

எத்தனை நிறம் தெரிந்தது என்று எழுதி வைக்க வேண்டாம். உங்களுக்குள் முறை எத்தனை தடவை கைமாறிய பிறகு அறுந்தது என்பதை மட்டும் குறியுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிட வீடியோ எடுத்துத் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அதில் உங்கள் முகமும் தெரியட்டும், நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதை அதை வைத்துத்தான் அவர் பார்ப்பார்.