முதல் மினிமலிஸ்ட் வாட்ச்: கையை அளப்பதிலிருந்து தொடங்குங்கள்

நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் 'மினிமலிஸ்ட்' வாட்ச் எட்டு மாதம்தான் தாங்கியது. வெள்ளை டயல், குச்சி மாதிரி மெல்லிய முட்கள், ரோஸ் கோல்ட் நிறம். படத்தில் அவ்வளவு அழகு. கட்டிப் பார்த்தால் மணிக்கட்டின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தது போல் இருந்தது. சில மாதங்களில் வியர்வை படும் பின்புறம் முலாம் உரிந்து உள்ளேயிருந்த உலோகம் பல்லைக் காட்டியது. நேரத்தை மட்டும் கடைசி வரை ஒழுங்காகக் காட்டியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வகை வாட்சில் ஒரு வினோதம் உண்டு. டயலில் எதுவும் இல்லாததால் சின்னக் கோணல்கூட உடனே கண்ணை உறுத்தும். ஆனால் எதுவும் இல்லாத டயலைச் செய்வதுதான் இருப்பதிலேயே மலிவான வேலையும். யோசித்து யோசித்துக் குறைத்த டயலும், செலவை மிச்சம் பிடிக்கக் குறைத்த டயலும் போட்டோவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாங்கும் முன் இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: கையை அளந்துகொள்ளுங்கள்

ஒரு விரல் அகலத்தில் நீளமான காகிதத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். மணிக்கட்டு எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வாட்ச் கட்டும் இடத்தில் சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். காகிதத்தை விரித்து அளவுகோலில் வைத்தால் சுற்றளவு கிடைத்துவிடும். 16 செ.மீ.க்குக் கீழே என்றால் 34 முதல் 37 மி.மீ. விட்டமுள்ள வாட்ச் பாந்தமாக இருக்கும். 16 முதல் 18 வரை என்றால் 36 முதல் 40. அதற்கு மேல் உள்ளவர்கள் 42 வரை போகலாம். இது சட்டம் ஒன்றும் இல்லை, கண்ணளவுக் கணக்குதான்.

விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினால் நான் ஏமாந்த மாதிரிதான் ஏமாறுவீர்கள். ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்ள மேலும் கீழும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவற்றுக்கு லக் என்று பெயர். மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை உள்ள நீளம்தான் கையில் உண்மையாக இடம் பிடிக்கும் நீளம். 'லக் டு லக்' என்று விவரப் பட்டியலில் போட்டிருப்பார்கள். போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் பகுதியின் அகலத்தை அளவுகோலால் அளந்து, லக் நீளம் அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் கொம்புகள் காற்றில் தொங்கும், கையோடு ஒட்டாது.

மினிமலிஸ்ட் வாட்சுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடியைச் சுற்றித் தடித்த வளையம் இருக்காது; டயல் விளிம்பு வரை ஓடும். அதனால் அளவில் சிறியதும் கையில் பெரிதாகத் தெரியும். வெள்ளை டயல் என்றால் இன்னும் கூடுதலாக. ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் பில் சாவி வாட்ச் வெறும் 34 மி.மீ.தான், பார்த்தால் அப்படித் தெரியாது. சந்தேகமாக இருந்தால் வட்டத்தையும் லக்கையும் சேர்த்து காகிதத்தில் வெட்டிக் கையில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

படி 2: உள்ளே குவார்ட்ஸ் போதும்

சாவி கொடுக்கிற வாட்சுக்கும், கை அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்குக்கும் தனி மயக்கம் உண்டு, தெரியும். ஆனால் குறைந்த விலையில் மெல்லிய வாட்ச் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தான் வழி. மலிவான ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் 11, 12 மி.மீ. தடிமன் வந்துவிடும். குவார்ட்ஸ் என்றால் 6, 7 மி.மீ.யில் முடிந்துவிடும், சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் போய்விடும்.

துல்லியத்திலும் குவார்ட்ஸ் பக்கம்தான் தராசு சாயும். உள்ளே இருக்கும் சின்ன குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இதைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, இப்படி 15 தடவை செய்தால் சரியாக ஒன்று வரும். மின்சுற்று அதைத்தான் செய்கிறது. கடைசியில் வரும் அந்த ஒரு துடிப்பு நொடி முள்ளை ஒரு தட்டு தட்டுகிறது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15, 20 நொடி முன்னே பின்னே போகும். மலிவான ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் அவ்வளவு போய்விடலாம். 1969 டிசம்பரில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது பணக்காரச் சாமான். இன்று அதே தத்துவம் இருப்பதிலேயே மலிவான வாட்சில் ஓடுகிறது.

விவரத்தில் மியோட்டா, செய்கோ, ரோண்டா என்று மூவ்மெண்டின், அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தின், பெயர் இருந்தால் நிம்மதி. மியோட்டா 2035 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். உலகத்தில் பாதி மலிவு வாட்ச் அதை வைத்துத்தான் ஓடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பேட்டரி மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் ஒளியில் சார்ஜ் ஆகும் சோலார் வாட்ச் பாருங்கள். விலை கொஞ்சம் கூடும்.

படி 3: டயலை நிதானமாகப் பாருங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மேலே சொன்ன யுங்ஹான்ஸ் வாட்சுக்குப் பெயர் தந்த வடிவமைப்பாளர் மாக்ஸ் பில், பவ்ஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர். 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இயங்கிய அந்தப் பள்ளியின் பாதிப்பு இன்றைய எளிய டயல்கள் பலவற்றில் இருக்கிறது. 1961இல் யுங்ஹான்ஸுக்காக அவர் வடிவமைத்த கைக்கடிகாரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அறுபது நிமிடக் கோடுகளும் இருக்கும், ஒன்றும் அழிக்கப்படவில்லை. நிமிட முள் தன் கோட்டைப் போய்த் தொடுகிறது. கோடுகளும் முட்களும் மெலிந்திருப்பதால்தான் டயல் அமைதியாகத் தெரிகிறது. விலை நம் கைக்கு எட்டாவிட்டாலும் கண்ணைப் பழக்கிக்கொள்ள இது நல்ல பாடம்.

இப்போது நீங்கள் வாங்க நினைக்கும் வாட்சின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிட முள் எதுவரை போகிறது? மலிவு வாட்ச்களில் ஒரு பெரிய டப்பாவுக்குள் சிறிய வாட்சின் முட்களைப் பொருத்திவிடுவார்கள். முள் கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதுதான் கண்ணில் படும். தேதிக் கட்டம் இருந்தால் அது விளிம்பிலிருந்து தள்ளி நடுவில் மிதக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இதே கதைதான். என்னைக் கேட்டால் தேதியே இல்லாத டயல் மேல்.

அடுத்து, முள்ளின் நிறம். வெள்ளை டயலில் பளபளக்கும் வெள்ளி முள் வெயிலில் காணாமல் போகும். கறுப்பு அல்லது அடர் நீல முள் எந்த வெளிச்சத்திலும் நிற்கும்.

எண்ணும் கோடும் அறவே இல்லாத டயல்களும் உண்டு. 1947இல் நேதன் ஜார்ஜ் ஹார்விட் வரைந்த டயலில் 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி. பிறகு மொவாடோ அதைப் புகழ்பெறச் செய்தது. அழகுதான். ஆனால் 10:22ஆ 10:24ஆ என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாட்சுக்கு வேண்டாம்.

படி 4: திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் காட்டாததைப் பின்மூடி சொல்லிவிடும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால், மூடி மட்டும்தான் எஃகு. மீதி உடம்பு பெரும்பாலும் பித்தளை அல்லது துத்தநாகக் கலவை, மேலே முலாம். 'பேஸ் மெட்டல் பெசல்' (கண்ணாடியைச் சுற்றிய வளையம் மலிவு உலோகம்) என்றும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம். நான் வாங்கியதில் இரண்டுமே இருந்தன. முலாம் உரிந்த பிறகுதான் படித்தேன். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ, விவரத்தில் உறை 316எல் எஃகு என்றோ இருப்பதைத் தேடுங்கள். நிறம் வேண்டாம், எஃகின் சொந்த நிறம் போதும் என்றால் உரியும் பேச்சே இல்லை.

'ஜப்பான் மூவ்மெண்ட்' என்றால் உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் ஜப்பானுடையது. வாட்ச் எங்கே பொருத்தப்பட்டது என்பது வேறு விஷயம். அதேபோல 'சுவிஸ் மூவ்மெண்ட்' வேறு, 'சுவிஸ் மேட்' வேறு. 2017இலிருந்து சுவிஸ் மேட் என்று போட, மற்ற நிபந்தனைகளோடு தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதமாவது ஸ்விட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும்.

30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று அர்த்தம் இல்லை. கை கழுவலாம், மழைத்துளி படலாம், அவ்வளவுதான். வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றி வையுங்கள். நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டது பாருங்கள்.

படி 5: கண்ணாடி

மூன்று வகை. அக்ரிலிக் சீக்கிரம் கீறும், ஆனால் எளிதில் உடையாது. கீறலைப் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். மினரல் கண்ணாடி நடுத்தரம். சபையர், கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவில் 9, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் சுவரில் உரசினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். குறைந்த விலையில் 'சபையர் கோட்டட்' என்று பார்த்தால் ஏமாற வேண்டாம். அது மினரல் கண்ணாடியின் மேல் ஒரு பூச்சு.

படி 6: ஸ்ட்ராப் அளவு

ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு லக்குக்கும் நடுவே, ஸ்ட்ராப் மாட்டும் இடைவெளி 18 அல்லது 20 மி.மீ. என்று முழு எண்ணாக, சாதாரணக் கம்பியில் மாட்டுவதாக இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் ஸ்ட்ராப் மட்டுமே பொருந்தும் வாட்ச் என்றால் விட்டுவிடுங்கள். கூட வரும் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் வெடிக்கும். புதிதாக ஒன்று மாற்றினால் வாட்சே புதிதாகிவிடும். என் முதல் வாட்சில் உருப்படியாக மிஞ்சியது அதன் 18 மி.மீ. வலை ஸ்ட்ராப்தான், இன்னும் இன்னொரு வாட்சில் உழைக்கிறது.

படி 7: பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்

எப்போது பார்த்தாலும் 70 சதவீதத் தள்ளுபடி ஓடிக்கொண்டே இருந்தால், அந்தப் பழைய விலைக்கு யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள். 'வாட்ச் இலவசம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது' என்றால் அந்த அனுப்பும் செலவுதான் வாட்சின் விலை. படத்தைச் சேமித்துப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். அதே வாட்ச் நாலு வேறு பெயரில், நாலு வேறு விலையில் வரும். அப்படி வந்தால் கேசியோ, டைமெக்ஸ், சிட்டிசன் போன்ற பழைய நிறுவனங்களின் எளிய மாடல்களைத் தேடுவதே லாபம். கேசியோவின் எம்க்யூ-24 வெறும் பிளாஸ்டிக் உடம்பு, சுமார் 20 கிராம் எடை. எந்தப் பாவனையும் காட்டாது, நேரம் காட்டும்.

படி 8: கைக்கு வந்ததும்

பொட்டலத்தைப் பிரித்ததும் மேலே ஒட்டியிருக்கும் படலத்தைக் கிழித்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். கிரவுனுக்கு (பக்கவாட்டில் நேரம் திருப்பும் குமிழுக்கு) அடியில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எடுத்துவிட்டு உள்ளே தள்ளுங்கள், வாட்ச் ஓடத் தொடங்கும். சரியாக 12 மணிக்குத் திருப்பி, இரண்டு முள்ளும் ஒன்றன் மேல் ஒன்று படுகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் 6 மணிக்குத் திருப்பினால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நொடி முள் கோட்டின் மேலேயே விழாமல் லேசாகத் தள்ளி விழுவது இந்த விலையில் சகஜம், அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம். தேதி இருக்கும் வாட்ச் என்றால் இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை தேதியை மாற்றாதீர்கள்; அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும்.

கடைசியாக, போனில் உள்ள நேரத்தோடு நொடி பிசகாமல் வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஐந்து நொடிக்குள் இருந்தால் அந்தப் படலத்தைக் கிழித்துவிடலாம்.